37.5 டிகிரி என்று மட்டும் சொன்னால் போதுமா?

மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, 2 குண்டு பல்புகள், 12 வோல்ட்டில் இயங்கும் டபிள்யூ 1209 என்ற சிறிய வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு கிண்ணம் தண்ணீர். நாட்டுக்கோழி முட்டையை வீட்டிலேயே பொரிக்க வைக்க ஆசைப்பட்ட எவருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடமாகியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காணொளியைப் பார்த்து நானும் இப்படி ஓர் இன்குபேட்டர் செய்து, 20 முட்டைகளை அடுக்கினேன். குஞ்சு பொரிய வேண்டிய 21 ஆம் நாள் ஓர் ஓட்டிலும் கீறல் விழவில்லை. 23 ஆம் நாள் 3 குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றுக்குக் கால் ஊன்றவில்லை.

காணொளியில் பொய் எதுவும் இல்லை. 37.5 டிகிரி செல்சியஸ் என்றார்கள், அது சரியான அளவுதான். ஆனால் அந்தப் பலகையில் பி1 என்றோர் அமைப்பு உண்டு. வெப்பம் எவ்வளவு இறங்கிய பிறகு பல்பு மீண்டும் எரிய வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கடையிலிருந்து வரும்போது அது 2 டிகிரியில் இருக்கும். அதாவது, நான் 37.5 என்று வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய இரவுகளில், பெட்டி 35.5 வரை குளிர்ந்த பிறகே பல்பு எரிந்திருக்கிறது. வெப்பம் குறைந்தால் கரு மெதுவாக வளரும், பொரிப்பும் தள்ளிப்போகும் என்பதால், 23 ஆம் நாளின் காரணம் எனக்குப் பல மாதங்கள் கழித்துப் புரிந்தது. பி1 ஐ 0.2 ஆக மாற்ற வேண்டும் என்ற ஒரே ஒரு வரி அந்தக் காணொளியில் இருந்திருக்கலாம்.

இன்னொரு குறையும் இருந்தது. 37.5 என்பது உள்ளே மின்விசிறி சுழன்று காற்றைக் கலக்கும் பெட்டிக்கான கணக்கு. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடும். அடித்தளத்துக்கும் மூடிக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் இருக்கும். அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து, ஏறத்தாழ 38.5 வைக்க வேண்டும். சென்சாரை எந்த உயரத்தில் தொங்கவிட்டோம் என்று சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் தருவது, எந்த ஊரில் என்று சொல்லாமல் தெருப் பெயரை மட்டும் தருவதைப் போன்றது. அந்தச் சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும் என்பதையும் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நமக்கு வேண்டிய வெப்பம் அதன் அளவெல்லைக்குள்தான் இருக்கிறது.

இவற்றை மறைக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. (இன்குபேட்டர் விற்கும் ஒருவர் என்னிடம் "அது தொழில் ரகசியம்" என்று சிரித்தது வேறு கதை, அவருக்கு அது பிழைப்பு.) பொழுதுபோக்காகச் செய்கிறவர் எல்லாம் சரியாக வந்த பிறகுதான் கேமராவை எடுக்கிறார். அதற்குள் தான் தடுமாறிய இடங்கள் அவருக்கே மறந்துபோகின்றன, அல்லது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவருக்கோ அந்தத் தடுமாற்றம்தான் தேவைப்படுகிறது.

பகிர்வது எப்படி இருக்கலாம் என்பதற்கு ரெப்ராப் திட்டத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் 2005 இல் தொடங்கிய அது, தன் பாகங்களில் ஒரு பகுதியைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் முப்பரிமாண அச்சுப்பொறி. வரைபடங்களையும் நிரல்களையும் எவரும் எடுத்து மாற்றலாம், மாற்றியதைத் திரும்பப் பகிரலாம் என்று திறந்துவிட்டார்கள். அதனால்தான் செக் நாட்டின் ஜோசப் புரூசா 2010 வாக்கில் அதன் மெண்டல் வடிவத்தை எளிமையாக்கி வெளியிட முடிந்தது. பிற்பாடு உலகெங்கும் வீட்டு மேசைகளில் ஏறியவற்றில் பல அந்த வழி வந்தவையே. அளவுகளோடு கூடிய வரைபடத்தை இன்னொருவர் திருத்த முடியும். பின்னணி இசையோடு ஓடும் 8 நிமிடக் காணொளியை யாரால் திருத்த முடியும்?

ஆபத்தைச் சொல்லாமல் விடுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தப் பெட்டிக்குள் தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தெர்மாகோல் 100 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும், எளிதில் தீப்பிடிக்கும். எரியும் குண்டு பல்பின் கண்ணாடி அந்தச் சூட்டைத் தாண்டும். பல்பை எரியவும் அணையவும் வைக்கும் ரிலே என்ற சுவிட்சின் ஈயப்பற்றுகள் பலகையின் அடிப்பக்கத்தில் மூடாமல் கிடக்கின்றன; ஈரக்கையோடு அதைத் தொட்டால் தொட்டதுதான். நான் பார்த்த காணொளிகளில் பியூஸ் என்ற சொல்லே வந்ததில்லை. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, ஏறத்தாழ 2000 வோல்ட்டை மரப்பலகையில் பாய்ச்சி மின்னல் கோலம் வரையும் கைவேலை அழகான காணொளிகளால்தான் பரவியது. அதைச் செய்யப்போய்ப் பலர் இறந்தார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதற்குத் தடையே விதித்திருக்கிறது.

கேட்கிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. "சர்க்யூட் அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களில், செய்து பார்த்து எத்தனை பொரிந்தது, எத்தனை கூமுட்டை ஆனது என்று திரும்பி வந்து சொன்னவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆகவே என்னுடைய நான்காம் ஈட்டின் கணக்கை இங்கே எழுதுகிறேன். முட்டைகள் 24, எல்லாம் 6 நாட்களுக்குள் சேர்த்தவை. 12 வோல்ட் விசிறி உண்டு, வெப்பம் 37.5, பி1 0.2, சென்சார் முட்டை மட்டத்தில். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, 18 ஆம் நாள் வரை தினமும் 3 முறை புரட்டினேன். ஒற்றைப்படை என்பதால் அடுத்தடுத்த இரவுகளில் ஒரே பக்கம் மேலே இருக்காது. 7 ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து 3 கூமுட்டைகளை எடுத்தேன். 17 பொரிந்தன. மீதி 4 முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது முழுதாக வளர்ந்த குஞ்சுகள் உள்ளேயே இறந்திருந்தன. 20 ஆம் நாள் உறவினர் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நான் மூடியை மூன்று முறை திறந்தேன்; ஈரப்பதம் இறங்கி, உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொரிந்த குஞ்சுகளின் படத்தோடு அந்த 4 முட்டைகளின் படத்தையும் சேர்த்தே இணைத்திருக்கிறேன்.