ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் உங்கள் எல்.எஸ்.டி. என்ன செய்யும்?

காரின் எல்.எஸ்.டி. (லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எத்தனை சதவீதம் லாக்?" அதாவது, இரண்டு சக்கரத்தையும் எவ்வளவு இறுக்கிச் சேர்த்துப் பிடிக்கும் என்பது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் அது என்ன செய்யும் என்று கேட்பவர் அபூர்வம். ரியர் வீல் டிரைவ் காரில் அதைக் கேட்காமல் டிஃபரன்ஷியலை மாற்றுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இன்ஜினின் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் தரும். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உள்சக்கரம் 300 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும், வெளிச்சக்கரம் 900 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு 300, மொத்தம் 600. அதற்கு மேல் மிதித்தால் உள்சக்கரம் வெறுமனே சுற்றும். 1930களில் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களில் அவற்றை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே மோதிய பிரச்சினை இதுதான். அதற்காகவே இசட்.எஃப். நிறுவனம் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைச் செய்து தந்தது.

எல்.எஸ்.டி.க்கு ஒரே விதி: வேகமாகச் சுற்றும் சக்கரத்திடமிருந்து எடுத்து, மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்குக் கொடுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வளைவுக்குள் போய்ப் பாருங்கள். நுழையும்போது வெளிச்சக்கரம்தான் வேகமாக ஓடுகிறது. அதனால் டார்க் உள்சக்கரத்துக்குப் போய், காரின் மூக்கை வெளியே தள்ளுகிறது. அது அண்டர்ஸ்டீர். வளைவின் நடுவில் அழுத்தி மிதித்தால் உள்சக்கரம் வழுக்கி, வெளிச்சக்கரத்தை விட வேகமாகிவிடும். இப்போது டார்க் வெளிச்சக்கரத்துக்குத் தாவுகிறது, மூக்கு உள்ளே திரும்புகிறது. ஒரே வளைவு, ஒரே டிஃபரன்ஷியல், இரண்டு நேரெதிர் குணம்!

மழையில்தான் இது கடுமையாகத் தெரியும். ஓப்பன் டிஃபரன்ஷியலில் உள்சக்கரம் சுற்றினாலும் வெளிச்சக்கரம் பக்கவாட்டுப் பிடியை விடாது. பின்பக்கம் ஓரளவு நின்றுவிடும். லாக் ஆன டிஃபரன்ஷியலில் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடி விடும். பிளேட் வகை (தட்டுகளின் உராய்வால் சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும்) எல்.எஸ்.டி. போட்ட பிறகு ஈரமான ட்ராக்கில் முதல் முறை ஓட்டியபோது, நான் எப்போதும் மிதிக்கும் அளவுதான் மிதித்தேன். பின்பக்கம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து, எல்.எஸ்.டி. போட்டால் கார் பாதுகாப்பாகிவிடும் என்று யார் சொன்னாலும் நான் மறுக்கிறேன்.

சரி, காலை எடுக்கும்போது? ஒன்-வே வகை மிதிக்கும்போது மட்டும் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். டூ-வே வகை காலை எடுத்தாலும் பிடிக்கும். பின்பக்கம் நேராக நிற்கும், ஆனால் கார் திரும்ப அடம்பிடிக்கும். ஒன்றரை-வே இரண்டுக்கும் நடுவில். போர்ஷே 911 ஜிடி3 வரிசையில் பல தலைமுறைகளில் மிதிக்கும்போது இருப்பதை விட காலை எடுக்கும்போது லாக் அதிகம். இன்ஜின் பின்னால் தொங்கும் காரில் வளைவின் நடுவே காலை எடுப்பதுதான் பெரிய ஆபத்து என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

சாலையில் ஓட்டுவோருக்கு என் தேர்வு டார்சன். கியர் வகை, தேயும் பிளேட் கிடையாது, காலை எடுத்தால் முரடு பண்ணாது. அதன் விகிதம் 2.5 என்றால், அதாவது பிடி குறைந்த சக்கரத்தைப் போல 2.5 மடங்கு வரை மற்றதற்குத் தரும் என்றால், மேலே சொன்ன வளைவில் 300-உம் 750-உம் சேர்ந்து 1050 கிடைக்கும். ஆனால் உள்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் பூஜ்யத்தை 2.5 ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ட்ராக்கின் ஓரத் திட்டில் (கெர்ப்) ஏறி ஓட்டுபவருக்குப் பிளேட் வகையே நல்லது.

பிளேட் வகை போட்ட பழைய கார் வாங்குகிறீர்களா? முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றி, மறுசக்கரம் எதிர்த்திசையில் ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது, எல்.எஸ்.டி. என்ற பெயரில் ஓப்பன் டிஃபரன்ஷியலுக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள். டார்சனுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.