போட ஆள் இருக்கு, கழட்ட ஆள் இல்ல

போன ஆவணியில எனக்க சித்தி மகளுக்கு கல்யாணம். மாப்பிள வீட்டுக்கு துணைக்குப் போனது நானும் மைனியும். ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாரும் பாயை விரிச்சுப் படுத்தாச்சு, பியூட்டீஷியன் ரிசப்ஷன் தலையைக் கட்டிவிட்டுட்டு சாயங்காலமே பெட்டியத் தூக்கிட்டுப் போயாச்சு, இவ மட்டும் கட்டில் ஓரத்துல இருந்துட்டு "யக்கா, எங்க சாஞ்சாலும் குத்துது"ன்னு அழுவா.

கழட்ட ஆரம்பிச்சோம். மைனி டார்ச் அடிக்கா, நான் ஒவ்வொண்ணா உருவி ஒரு சில்வர் டம்ளர்ல போடுதேன். ஸ்லைடு, யூ பின், கொண்டை ஊசி எல்லாம் சேத்து 63. சவுரிய கறுப்பு நூலு வச்சு தச்சே விட்டிருக்கா அந்த அம்மா, அதுக்கு மேல ஸ்ப்ரே அடிச்சு அடிச்சு முடி பூரா தேங்காத் தும்பு மாதிரி ஆயிட்டு. தோவாளை பூச்சந்தைக்கு விடியக்காலம் போய் முகூர்த்த நாள் விலைக்கு வாங்கின பிச்சி, பழுத்து வாடி நூலோட சிக்கிக் கிடக்கு. ராக்கொடிய எடுத்த இடத்துல மண்டையில செவப்பா ஒரு வட்டம். வடசேரியில செய்யுற கோயில் நகை அழகுதான், நம்ம ஊரு பெருமைதான், ஆனா நல்ல கனம், பாவம் அந்தப் பிள்ளைக்க கழுத்து.

இப்ப பேக்கேஜ்னு ஆயிரக்கணக்குல வாங்குதாங்க. ட்ரையல் உண்டு, ஜடை உண்டு, நகம் உண்டு, சேலை மடிப்பு வரைக்கும் உண்டு. கழட்டி விடுறது மட்டும் எதுலயும் கிடையாது. ஸ்ப்ரே அடிச்ச முடிய காஞ்சபடியே சீப்பு போட்டு இழுக்காத, கண்டிஷனர நல்லா தேச்சு ஊறவிட்டு நுனியில இருந்து மேல மேல சிக்கெடுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போவும்? நாங்க தெரியாம மேல இருந்து இழுத்தோம், கொத்துக் கொத்தா கையோட வந்துட்டு.

நகக் கதை இதவிட மோசம். நீளமா நகம் ஒட்டி மேல ஜெல் பாலிஷ் போட்டு விட்டிருந்தாங்க. கல்யாணச் சாப்பாட்டுல போளி, பாயசம், பழம், பப்படம் எல்லாம் இலையில வந்தாச்சு, அந்த நகத்த வச்சுட்டு பழத்தப் பிசைய முடியாம பொண்ணு ஸ்பூன் கேக்கா. பந்தியில ஒரு பெரியம்மை சிரிச்ச சிரிப்பு இருக்கே!

அது போட்டும். பத்து நாள் கழிச்சு ஓரம் பொங்கினதும் இவ பல்லாலயே கடிச்சு பிச்செடுத்திருக்கா, நகத்துக்க மேல்தோலும் கூடவே உரிஞ்சு காகிதம் மாதிரி ஆயிட்டு. மாமியா வீட்டுல மீன் குழம்புக்கு புளி கரைக்கும்போது எரியுதுன்னு எனக்கு போன் போட்டு அழுகை. நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுசா மாறி வர ஆறு மாசம் ஆவும். அப்ப ஆவணியில பிச்ச நகம் சரியாவதுக்குள்ள மாசியில மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை வந்துரும், கணக்கு பாத்துக்கிடுங்க. ஜெல் பாலிஷ முறையா எடுக்கணும்னா மேல் பளபளப்ப அரத்தால லேசா தேச்சு, பஞ்ச அசிட்டோன்ல நனச்சு நகத்துல வச்சு, அலுமினியத் தாள சுத்தி பத்துப் பதினைஞ்சு நிமிசம் இருக்கணும், அப்புறம் தானா இளகி வரும். விளக்குப் பக்கத்துலயோ அடுப்புப் பக்கத்துலயோ வச்சு செய்யாதீங்க மக்கா, அசிட்டோன் குப்புன்னு பத்தும். நகத்தோட வேர்ல இருக்கிற மெல்லிய தோல வெட்டி விடச் சொல்லாதீங்க, கிருமி உள்ள போவாம காக்குறதே அதுதான்.

மருதாணிக்கு இந்தப் பாடு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் முந்தி வச்சா முதல்ல ஆரஞ்சா இருந்து கல்யாணத்தன்னைக்கு கருஞ்செவப்பா நிக்கும், அதுவா அழிஞ்சும் போவும். ஒரு மணிக்கூர்ல கறுக்கும்னு விக்கிற கோன மட்டும் கையில தொடாதீங்க, தலைச்சாயத்துல உள்ள பிபிடிங்கிற ரசாயனம் கலந்திருந்தா கொப்புளமே போடும்.

அடுத்த மாசம் மார்த்தாண்டத்துல இன்னொரு தங்கச்சிக்கு கல்யாணம். ட்ரையலுக்கு கூடப் போனேன், "ராத்திரி கழட்டவும் ஆள் அனுப்புவீங்களா"ன்னு கேட்டேன். அந்தம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "இதுவரை யாரும் கேட்டதில்ல, ஐந்நூறு ரூவா கூட ஆவும்"னாங்க. தாரேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்.