முயலுக்குக் கலர் பெல்லட்டைக் கிண்ணம் நிறையக் கொட்டாதீர்கள்

முயலுக்குப் போடும் பெல்லட்டை (தீவனத்தை அரைத்து அழுத்திய சிறு துண்டுகள்) பற்றி ஒருவர், "சோளமும் விதையும் கலந்த கலர் பெல்லட்டில்தான் சத்து, கிண்ணம் நிறைய வையுங்கள், புல்லே தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அது தேய்வதே காய்ந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்து மெல்வதால்தான். குடல் ஒழுங்காக ஓடுவதும் அந்த நாரால்தான். பெல்லட் துணைச் சாப்பாடு, அவ்வளவே. வளர்ந்த முயலின் எடையில் கிலோவுக்கு 25 கிராம் வீதம் ஒரு நாளைக்குப் போதும். கலர் கலவையை நானும் வாங்கிப் பார்த்தேன், எங்கள் வீட்டு முயல் மஞ்சள் சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, நார் இருக்கிற பழுப்புத் துண்டுகளை மூக்காலேயே ஒதுக்கித் தள்ளிவிட்டது (கில்லாடி!). ஒரே மாதிரித் துண்டுகளாக இருப்பதை வாங்குங்கள். அப்புறம், பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்: நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, புரதம் 12 முதல் 14 சதவீதம் போதும். பண்ணைத் தீவனத்தில் புரதத்தைக் கூட்டுவது கறிக்காகச் சீக்கிரம் எடை ஏற்ற. குதிரைமசாலில் (அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர்) செய்த பெல்லட் குட்டிகளுக்குச் சரி. 6 மாதம் தாண்டிய முயலுக்கு அதில் கால்சியம் அதிகம், சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வரக்கூடும்.