நெட்வொர்க் சப்போர்ட் கோர்ஸில் சேரும் முன் அந்த லேபில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்குப் போக ஆசை, எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று தம்பிகளும் தங்கைகளும் தொடர்ந்து கேட்கிறார்கள். கூடவே இரண்டு மூன்று பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தையும் அனுப்பி, இதில் எது நல்லது என்கிறார்கள். பாடத்திட்டத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது. எல்லாவற்றிலும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்குகள் இருக்கும், ஐபி முகவரி இருக்கும், சப்நெட்டிங், ஸ்விட்சிங், ரவுட்டிங் எல்லாம் இருக்கும். கடைசி வரியில் வேலைவாய்ப்பு உதவியும் இருக்கும். இந்த வேலையிலேயே இருப்பவன், புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்பவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நெட்வொர்க்கைக் கெடுத்து உங்கள் கையில் கொடுத்து, என்ன கோளாறு என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லாத கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். சர்டிஃபிகேட், கட்டணம், ஏசி வகுப்பறை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெரும்பாலான கோர்ஸ்களில் காலியான ஒரு ரவுட்டரும் ஸ்விட்சும் கொடுப்பார்கள். லேப் நோட்டில் இருக்கும் கட்டளைகளை வரிசையாக அடிப்போம். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும். லேப் முடிந்தது, அடுத்த பாடம். புதிதாக ஒன்றை அமைக்க இது கற்றுக்கொடுக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சப்போர்ட் வேலையின் ஆரம்ப காலத்தில் உங்களிடம் காலி ரவுட்டரை யாரும் தரப்போவதில்லை. என்றைக்கோ யாரோ அமைத்துவிட்டுப் போன நெட்வொர்க், பாதி மட்டும் வரைந்த வரைபடம், போனில் "நெட் வரலைங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாத ஒருவர். இவ்வளவுதான் இருக்கும். அங்கிருந்து நீங்கள் கோளாறு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். இதைப் பழகாமல் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர்களிடம் அறிவு இல்லாமல் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லித்தராமல் விட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வியே இதைப் பற்றித்தான். ஒருவர் போன் செய்து நெட் வரவில்லை என்கிறார், முதலில் என்ன கேட்பீர்கள்? பலரும் பிங் போட்டுப் பார்ப்பேன் என்று ஆரம்பிப்பார்கள். தவறில்லை. ஆனால் "உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்கும் வரவில்லையா? எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் ஏதாவது மாற்றினார்களா?" என்று கேட்கத் தோன்றுகிற ஒருவரை நான் விடமாட்டேன். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கம்ப்யூட்டரும் கேபிளும். ஒரு வரிசை முழுக்க என்றால் ஸ்விட்ச். எல்லாருக்கும் என்றால் இன்னும் மேலே. ஒரு கேள்வியிலேயே பாதி இடம் கழிந்துவிடுகிறது.

அடுத்து, 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். இணையத்தில் இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் போகிறது, ஆனால் எந்த இணையதளமும் பெயர் கொடுத்தால் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் பக்கம் போக வேண்டும். இவை எல்லாப் புத்தகத்திலும் இருப்பவைதான். ஆனால் அந்த நிலைமையில் ஒரு தடவையாவது உட்கார்ந்து முழித்தவருக்குத்தான் வேலையில் அது சட்டென்று ஞாபகம் வரும்.

புத்தகத்தை மட்டும் படித்தவரைக் கண்டிப்பாக ஏமாற்றுகிற கோளாறு ஒன்று உண்டு. கேபிளின் ஒரு முனையில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஃபுல், மாறி மாறி அனுப்பினால் ஹாஃப்) 100, ஃபுல் என்று கையால் நிலையாக வைத்துவிட்டார்கள். மறுமுனை ஆட்டோவில் இருக்கிறது. ஆட்டோவில் இருக்கும் முனையால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். இப்போது விளக்கு பச்சையாக எரியும், பிங் போகும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் மட்டும் நகரவே நகராது. பிங் போனால் லேப் முடிந்தது என்று பழகியவர் இந்த இடத்தில் "நெட்வொர்க் நன்றாக இருக்கிறது" என்று டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடிவிடுவார். இன்டர்ஃபேஸின் எரர் எண்ணிக்கையைப் பார்க்கப் பழகியவருக்கு ஒரு பக்கம் லேட் கொலிஷனும் (தாமதமான மோதல்) மறுபக்கம் சிஆர்சி எரரும் (சிதைந்து வந்த தரவு) ஏறிக்கொண்டே இருப்பது தெரிந்துவிடும். ஒரு பயிற்சியாளர் இதை வகுப்பில் உண்டாக்கிக் காட்ட இரண்டு கட்டளைகள் போதும். காட்டுகிறாரா என்பதுதான் கேள்வி.

ஒரு நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கையும் இப்படியே சொல்லித்தரலாம். கணக்காக மட்டும் போட்டு, /26 என்றால் 62 கம்ப்யூட்டர்களுக்கு முகவரி என்று மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். /25 ஆகப் பிரித்த நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தவறி அதைவிட இரு மடங்கு பெரிய /24 மாஸ்க் கொடுத்துவிட்டு, இணையம் வருகிறது, ஆனால் அடுத்த பிரிவில் இருக்கும் பிரிண்டர் மட்டும் கிடைக்கவில்லை, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அந்த பிரிண்டர் தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரவுட்டரிடம் போகாமல் நேரடியாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. (ரவுட்டரில் ப்ராக்ஸி ஆர்ப் அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டர் நடுவில் பதில் சொல்லித் தவறை மறைத்துவிடும்.) இதைத் தானே கண்டுபிடித்தவர் சப்நெட் மாஸ்க் எதற்கு என்பதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

சரி, சர்டிஃபிகேட்டுக்கு வருகிறேன். கம்ப்யூட்டரைத் திறந்தே பார்த்திராதவர்களுக்கு காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸ் சான்றிதழ் நல்ல தொடக்கம். அதற்கு இரண்டு தேர்வுகள். அதே அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்த ஒரு கம்பெனியின் கருவியையும் சாராதது, 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். ரவுட்டர், ஸ்விட்ச் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் சிசிஎன்ஏ இவற்றைவிடக் கடினம், அதன் எண் 200-301, நேரம் 120 நிமிடம். மூன்றுமே மூன்று வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். நேரமும் பொறுமையும் இருக்கிறவர்கள் சிசிஎன்ஏ வரைக்கும் போய்விடுங்கள் என்பது என் யோசனை. அதற்குத் தயாராகும்போதே கட்டளைகள் கைக்குப் பழகிவிடும், அந்தப் பழக்கம் வேலையில் உடனே உதவும்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிசிஎன்ஏ தேர்வில் ரவுட்டிங் சம்பந்தப்பட்ட பகுதிக்கு 25 சதவீதம். டிஹெச்சிபி, டிஎன்எஸ், நாட், என்டிபி, சிஸ்லாக் எல்லாம் சேர்ந்த ஐபி சர்வீசஸ் பகுதிக்கு வெறும் 10 சதவீதம். தேர்வை மட்டும் குறிவைக்கும் பயிற்சி நிலையம் அந்தப் பத்து சதவீதத்தை ஒரே வகுப்பில் ஓட்டிவிடும். முதல் நிலை சப்போர்ட்டில் உங்களுக்கு வரும் டிக்கெட்டுகளில் திரும்பத் திரும்ப வந்து நிற்பவை டிஹெச்சிபியும் டிஎன்எஸ்ஸும்தான். ரவுட்டிங் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் பக்கம் உங்களை விடவே கொஞ்ச காலம் ஆகும். அதனால் டிஹெச்சிபிக்கு எத்தனை வகுப்பு ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

விளம்பரத் தாளையும் நிதானமாகப் படியுங்கள். மைக்ரோசாஃப்ட் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்றிதழ்களை 2021 ஜனவரி 31 அன்றே நிறுத்திவிட்டது. சிசிஎன்ஏவில் ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங், செக்யூரிட்டி என்று தனித்தனியாக இருந்த கிளைகளை சிஸ்கோ 2020 பிப்ரவரியில் ஒரே தேர்வாக்கிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பழைய பெயர்களைப் போட்டு ஆள் சேர்க்கிறார்கள் என்றால், இத்தனை வருடங்களாகப் பாடத்தையும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதேபோல நெட்வொர்க்கிங், எத்திக்கல் ஹேக்கிங், கிளவுட், பைத்தான் எல்லாம் ஒரே கோர்ஸில் என்பதும் வேண்டாம். நெட்வொர்க்கிங்கோடு லினக்ஸ் அடிப்படை இருந்தால் அது நல்ல சேர்க்கை. மற்றவை வேலைக்குப் போன பிறகு.

தேர்வுக் கேள்விகளை அப்படியே தருகிறோம் என்று டம்ப்ஸ் கொடுக்கும் இடத்தைவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதத் தடையும் வரும். பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் "இதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்" என்ற இடத்தில் நின்றுவிடுவீர்கள். உழைத்துப் படிக்கும் அளவுக்கு மூளை இருக்கிற பிள்ளைகளை இந்த வழியில் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

லேபைப் பற்றி இன்னும் கொஞ்சம். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தாலே இலவசமாகக் கிடைக்கும். ஆரம்பத்துக்கு மிக நல்லது. ஆனால் அது ரவுட்டரைப் போல நடிக்கும் மென்பொருள், எல்லாக் கட்டளைகளும் அதில் இருக்காது. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி போன்றவற்றில் உண்மையான ரவுட்டர் மென்பொருளையே ஓட்டலாம். இவற்றை எல்லாம் வீட்டிலேயே செய்யலாம் என்பதால், பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கையால் தொடும் கருவிகள் இருக்க வேண்டும் என்பேன். கேபிள் க்ரிம்ப் செய்வது, ஒரு கம்பி மட்டும் சரியாக உட்காராத கனெக்டர், அழுக்குப் படிந்த ஃபைபர் முனை, பொருந்தாத எஸ்எஃப்பி (கேபிளுக்காக ஸ்விட்சில் செருகும் சின்ன மாட்யூல்), இவற்றைத் திரையில் கற்க முடியாது. எத்தனை பேருக்கு ஒரு ரேக், வகுப்பு இல்லாத நேரத்திலும் லேப் திறந்திருக்குமா என்று கேளுங்கள். வயர்ஷார்க் திறந்து பாக்கெட்டுகளைப் பார்க்கச் சொல்லித்தருவார்களா என்றும் கேளுங்கள்.

டெமோ வகுப்பில் பயிற்சியாளரிடம் மரியாதையாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "சார், இரண்டு ஸ்விட்சுக்கு நடுவில் இரண்டு கேபிள் போட்டு ஸ்பானிங் ட்ரீயை அணைத்தால் என்ன ஆகும்?" ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய அந்த நெறிமுறைதான் இன்றும் இரண்டு கேபிளும் சேர்ந்து உண்டாக்கும் வளையத்தில் ஒரு பாதையை அடைத்து வைக்கிறது. நல்ல பயிற்சியாளர் வாங்க, பார்க்கலாம் என்று லேபில் அணைத்தே காட்டிவிடுவார். எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் செய்திகள் வளையத்தில் சுற்றிப் பெருகி, விளக்குகள் எல்லாம் ஒரே வெறியாக மின்னி, நெட்வொர்க் படுத்துவிடும். அது சிலபஸில் இல்லை, லேப் கெட்டுவிடும் என்று சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

யாரும் பேசாத இன்னொன்று, எழுதுவது. சப்போர்ட் வேலை ஷிஃப்டில் ஓடும். நீங்கள் பாதியில் விட்ட டிக்கெட்டை அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் தொடர வேண்டும். "செக் செய்தேன், ஓகே" என்று எழுதினால் அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார், போனில் காத்திருப்பவர் அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்வார். எந்த போர்ட், எந்த நேரம், எதைப் பார்த்தேன், என்ன வந்தது, எதை இன்னும் பார்க்கவில்லை என்று ஐந்து வரி எழுதத் தெரிந்தவர்கள் சீக்கிரமே இரண்டாம் நிலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு லேபுக்கும் டிக்கெட் குறிப்பு எழுதவைக்கும் கோர்ஸ் கிடைத்தால் கொஞ்சம் கட்டணம் கூட இருந்தாலும் சேருங்கள்.

வேலை உறுதி என்பவர்களிடம் முன்னாள் மாணவர்கள் மூன்று பேரின் எண்ணை வாங்கி நேரில் பேசுங்கள். அவர்கள் உண்மையிலேயே நெட்வொர்க் வேலையில்தான் இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். இதே ஆர்வம் உள்ள நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட் ட்ரேசரில் நீங்கள் ஒரு சின்ன அலுவலகத்தை அமைத்து, ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டு, ஒரே ஒரு இடத்தில் கெடுத்து ஃபைலை அனுப்புங்கள். தவறான விலேன் (ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்), தவறான கேட்வே (வெளியே போக உதவும் ரவுட்டரின் முகவரி), அணைத்துவைத்த போர்ட், கொடுக்க முகவரி மிச்சமில்லாமல் காலியாகிவிட்ட டிஹெச்சிபி பூல். அவர் என்ன கெட்டது என்பதோடு எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் டிக்கெட் குறிப்பாக எழுதி அனுப்பட்டும். அடுத்த நாள் அவர் கெடுத்து அனுப்பட்டும், நீங்கள் தேடுங்கள். பழகப் பழக ஒரே ஃபைலில் இரண்டு கோளாறுகளை ஒன்றாக வையுங்கள். ஒன்றைச் சரிசெய்த பிறகும் நெட் வராமல் நிற்கும்போதுதான் தேடுவதே ஆரம்பிக்கிறது.