ஆஸ்திரேலியா என்றொரு பேரம்

ஒரு நாடு பிறந்த கதை என்றாலே நமக்குப் போர், தியாகம், தூக்குமேடை எல்லாம் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆறு காலனிகள் ஒன்றான கதையில் இது எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் சுங்கவரி, ரயில் தண்டவாளம், அப்புறம் ஓயாத பேரம். சலிப்பூட்டும் கதை என்பார்கள். எனக்கென்னவோ பேரம் பேசிச் சேர்ந்ததுதான் அதில் பெருமைப்பட வேண்டிய விஷயமாகப் படுகிறது.

1890களில் சிட்னியில் ரயில் ஏறி மெல்போர்ன் போகிறவர் எல்லையோரம் ஆல்பரி ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு இறங்கியாக வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம், விக்டோரியாவில் 5 அடி 3 அங்குலம். குயின்ஸ்லாந்து தன் பங்குக்கு 3 அடி 6 அங்குலத்தில் போட்டு வைத்திருந்தது. சுங்க அதிகாரியிடம் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும். முர்ரே ஆற்றின் இக்கரையில் விளைந்ததை அக்கரையில் விற்கவும் வரி. இரு கரையிலும் பேசுவது ஆங்கிலம், ஆள்வது ஒரே ராணி!

1889இல் டென்டர்ஃபீல்டில் நியூ சவுத் வேல்ஸ் காலனியின் பிரதமர் ஹென்றி பார்க்ஸ், காலனிகள் ஒன்றுசேர வேண்டும் என்று ஆற்றிய உரையை வைத்து அவரைக் கூட்டாட்சியின் தந்தை என்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் 1891 மாநாட்டில் தலைவர்கள் எழுதிய சாசன வரைவு சட்டசபைகளில் தூசி படிந்து கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்தது முர்ரே கரையின் சின்ன ஊரான கொரோவா. வரியால் நொந்திருந்த எல்லைப்புற ஆட்களும் கூட்டாட்சிச் சங்கத்தினரும் 1893இல் அங்கே கூடினார்கள். ஜான் குவிக் என்ற வழக்கறிஞர் ஒரு யோசனை சொன்னார்: சாசனம் எழுதுபவர்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், எழுதி முடித்ததை மக்களிடமே வாக்குக்கு விடுங்கள். தந்தைப் பட்டம் கொடுத்தே தீர வேண்டுமென்றால் நான் இவருக்குத்தான் கொடுப்பேன்.

மக்களிடம் விட்டதும் வேலை சுலபமாகிவிடவில்லை. 1898இல் நியூ சவுத் வேல்ஸில் ஆதரவு வாக்குகளே அதிகம். ஆனால் குறைந்தது 80,000 வேண்டும் என்று முன்பே விதி வைத்திருந்தார்கள். கிடைத்தது 71 ஆயிரத்துச் சொச்சம். அப்போது அந்தக் காலனியின் பிரதமராக இருந்த ஜார்ஜ் ரீட் மறுபடி பேரத்துக்கு உட்கார்ந்தார். தலைநகரம் எங்கள் காலனிக்குள் வேண்டும் என்றார். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலாவது தள்ளி இருக்க வேண்டும், அதுவரை நாடாளுமன்றம் மெல்போர்னில்தான் என்ற நிபந்தனையோடு. கான்பெராவுக்கு நாடாளுமன்றம் வந்து சேர 1927 ஆனது.

மேற்கு ஆஸ்திரேலியா இன்னும் கெட்டி. ஐந்து ஆண்டுகளுக்குத் தன் சுங்கவரியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் சலுகையை வாங்கியது. அப்படியும் இழுத்தடித்தபோது, சேராவிட்டால் நாங்கள் பிரிந்துபோய்ச் சேர்ந்துகொள்கிறோம் என்று தங்கவயல்காரர்கள் மிரட்டினார்கள். கடைசியில் 1900 ஜூலை 31இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது, லண்டனில் கூட்டாட்சிச் சட்டத்துக்கு ராணியின் ஒப்புதலே கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 1901 ஜனவரி 1இல் நாடு பிறந்தது. 1933இல் அதே மேற்கு ஆஸ்திரேலியா பிரிந்துபோக வாக்களித்தது தனிக்கதை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை.

இவ்வளவு நியாயமாகப் பேரம் பேசியவர்கள், யாரைப் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை என்பதையும் பேச வேண்டும். ஆசியர்களையும் பசிபிக் தீவினரையும் வெளியே நிறுத்தப் பொதுவான சட்டம் வேண்டும் என்பதும் இணைப்புக்கு ஒரு காரணம். நாடு பிறந்த அதே ஆண்டில் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. துறைமுகத்தில் இறங்குபவரிடம் அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தைகளை வாசிப்பார், கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். நன்றாக ஆங்கிலம் தெரிந்த ஆசியரைக்கூட வேறொரு மொழியில் வாசித்தே திருப்பி அனுப்பலாம். 1958 வரை இந்தத் தேர்வு சட்டத்தில் இருந்தது.

அந்த மண்ணின் பழங்குடிகளுக்கு நடந்தது இதைவிட மோசம். மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று சாசனத்தின் 127ஆவது பிரிவே சொன்னது. சுங்கவரிக்காக வரிக்கு வரி மல்லுக்கட்டியவர்கள் இந்த வரியை எளிதாகத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதை நீக்க 1967 வரை ஆனது. அதற்கும் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. 90 சதவீதத்துக்கும் மேல் சம்மதம் என்றார்கள்.