அழைப்பிதழிலேயே ஆட்டம் தொடங்கட்டும்

பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் 'தீம்' வைப்பது இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. வந்ததில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் தீம் என்றால் ஒரு கார்ட்டூன் ஃப்ளெக்ஸ், அதே நிறத்தில் பலூன் வளைவு, அதே படம் போட்ட கேக். அவ்வளவுதான். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று பத்து நிமிடம் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கேக் வெட்டும் வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் மூலைக்கு ஒருவராக செல்போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வந்தவர்கள் கையால் செய்வதற்கு ஏதாவது இருந்தால்தான் அதைத் தீம் என்பேன். பார்ப்பதற்கு மட்டும் இருந்தால் அது ஜோடனை. அந்த வேலை விருந்தன்று தொடங்கினால் போதாது, அழைப்பிதழ் கையில் கிடைத்த நிமிடமே தொடங்க வேண்டும். அதனால்தான் அழைப்பிதழை வீட்டிலேயே செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறேன். காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. கடையில் அடித்த அட்டையால் விருந்தாளியை விளையாட வைக்க முடியாது.

எடுத்துக்காட்டாக ஊர் விளையாட்டுகளையே தீமாக எடுத்துக்கொள்வோம். ஆடு புலி ஆட்டம், பல்லாங்குழி, தாயம், பாண்டி. இந்தத் தீமில் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டில் இருக்கும் பாட்டிதான் அன்றைக்குப் பெரிய ஆள். பொதுவாகப் பிறந்தநாள் விருந்துகளில் பெரியவர்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து கேக் தட்டைக் கையில் கொடுத்துவிடுவோம். இங்கே பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அவரிடம் விதி கேட்பார்கள்.

அழைப்பிதழ் ஓர் ஆடு புலி ஆட்டப் பலகையாகவே இருக்கட்டும். பழைய கோயில் மண்டபத் தரைகளில் கீறி வைத்திருப்பார்களே, அதே கட்டம். ஏ4 தாளைச் சரிபாதியாக வெட்டினால் ஏ5, அதாவது 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் செய்தி. அட்டையை மடிக்காதீர்கள். மடித்த அட்டை தரையில் படியாது, மடிப்புக்குப் பக்கத்தில் வைத்த காய் நழுவிக்கொண்டே இருக்கும்.

வரையும் முறை இது. மேலே நடுவில் ஓர் உச்சிப்புள்ளி. அதிலிருந்து 18 செ.மீ. கீழே 10.5 செ.மீ. நீளத்தில் அடிக்கோடு. அடிக்கோட்டை மூன்று சம பங்காக்கினால் 3.5 செ.மீ. இடைவெளியில் நான்கு புள்ளிகள் கிடைக்கும். உச்சியிலிருந்து அந்த நான்குக்கும் நான்கு சாய்கோடுகள். பிறகு உச்சியிலிருந்து 9, 12, 15 செ.மீ. தூரத்தில் மூன்று படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றும் 13 செ.மீ. நீளம், இரண்டு பக்கமும் முக்கோணத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த முனைகளை இடப்பக்கம் ஒரு குத்துக்கோடு, வலப்பக்கம் ஒரு குத்துக்கோடு என இணைத்துவிடுங்கள். மொத்தம் 10 கோடுகள். எண்ணிப் பாருங்கள்: உச்சியில் 1, மூன்று கோடுகளில் தலைக்கு 6, அடியில் 4. ஆக 23 புள்ளிகள். 23 வரவில்லை என்றால் எங்கோ ஒரு கோடு முட்டாமல் நிற்கிறது.

முதல் படுக்கைக் கோட்டை ஏன் இவ்வளவு கீழே இறக்குகிறோம் என்று கேட்கலாம். எல்லாரும் தவறு செய்யும் இடம் இதுதான். கோடுகளைச் சம இடைவெளியில் போட்டால் முதல் கோடு உச்சிக்கு அருகே வந்துவிடும். அங்கே நான்கு சாய்கோடுகளும் நெருக்கிக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி ஒரு செ.மீ. கூட இருக்காது. புளியங்கொட்டை வைத்தால் எது எந்தப் புள்ளியில் நிற்கிறது என்றே சண்டை வரும். 9 செ.மீ.க்கு இறக்கினால் அங்கே 1.75 செ.மீ. இடைவெளி கிடைக்கும். சின்னதாகப் பார்த்துப் பொறுக்கிய கொட்டைகளுக்கு அது போதும்.

ஆடு 15, புலி 3. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் சட்டைப் பொத்தான் அல்லது சோழி. 20 அட்டை என்றால் 300 கொட்டையும் 60 பொத்தானும் தேவை. கொட்டையைக் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்த பிறகே பொட்டலம் கட்டுங்கள். புளி ஒட்டிய கொட்டையை அப்படியே கட்டினால் எறும்பு வரும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பொட்டலத்துக்குப் பழைய நோட்டுத் தாளும் நூலும் போதும். மளிகைக்கடைக்காரர் கட்டுவதுபோல் கூம்பாகச் சுற்றிக் கட்டத் தெரிந்த ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார்.

அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைக் காயாகப் போடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ள அந்த விதை கொடிய நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. ஆனால் அதற்கு ஆனைக்குன்றிமணி என்றும் பெயர் இருப்பதால் வாங்கும் இடத்திலேயே குழப்பம் வருகிறது. குழந்தைகள் கூடும் வீட்டில் இரண்டுமே வேண்டாம், புளியங்கொட்டையே போதும். அதுவும் 3 வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டுக்குப் போகும் உறையில் எந்தக் கொட்டையும் போடக்கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அந்த வீட்டுக்கு வெறும் அட்டையைக் கொடுத்து, காய் எங்களிடம் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள்.

அச்சுக்கு வருவோம். 70, 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஜெராக்ஸ் தாள் துவளும், பலகைக்கு உதவாது. 250 ஜிஎஸ்எம் அட்டை சரியாக இருக்கும். வீட்டு பிரிண்டர்கள் பலவும் அவ்வளவு கனத்தை இழுக்காமல் சிக்கிக்கொள்ளும், ஜெராக்ஸ் கடைக்கே போய்விடுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் கோப்பு பிடிஎஃப் ஆக இருக்கட்டும். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் அந்தக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாமல் கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரிந்து நிற்கும். அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை, அட்டை அத்தனையும் வெளியே வந்த பிறகுதான் தெரியும். 100 சதவீத அளவிலேயே அச்சிடச் சொல்லுங்கள். 'தாளுக்குள் அடக்கு' என்ற தேர்வில் விட்டால் கட்டம் சுருங்கி, மேலே பார்த்துப் பார்த்து அளந்த 1.75 வீணாகிவிடும்.

ஒரே ஏ4 தாளில் இரண்டு அட்டைகளையும் ஒரே மாதிரி வையுங்கள், பின்பக்கமும் அப்படியே. அப்போது தாள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகைக்குப் பின்னால் செய்தி சரியாக விழும். அட்டைக்கு அட்டை பெயரை மாற்றி அச்சிட நினைக்காதீர்கள். பெயரைப் பிள்ளை கையால் எழுதட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. 20 பேருக்கு 10 தாள் போதும் என்றாலும் 12 அடியுங்கள். எழுத்துப் பிழைக்கும் கடைசி நேரத்தில் நினைவுக்கு வரும் சித்தப்பாவுக்கும் அந்த 4 அட்டைகள் வேண்டும்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாமல் அழைப்பிதழ் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். நல்ல வழக்கம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த அட்டை என்றால் பல மைகள் நீர் பட்டதும் கசியும். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, எழுத்து இல்லாத ஓரத்தில் மட்டும் பொட்டு வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்க வேண்டும். கடையில் லேசர் பிரிண்டரில் அடித்தது கசியாது.

செய்திப் பக்கத்தில் என்ன எழுதுவது? கல்யாணப் பத்திரிகை நடை வேண்டாம். இப்படி இருக்கலாம்: "புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட ஆள் வேண்டும். யாழினிக்கு 9 வயது ஆகிறது. ஞாயிறு மாலை 4.30 முதல் 7.30 வரை எங்கள் வீட்டு மாடியில். தாத்தா பாட்டியையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், விதி தெரிந்தவர்கள் அவர்கள்தான். இந்தப் பலகையை எடுத்து வரவும்." இதோடு தேதி, முகவரி, ஒரு போன் எண், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பது. முடியும் நேரத்தை எழுத நம் ஊரில் கூச்சப்படுகிறோம், வந்தவரைப் போகச் சொல்வதுபோல் இருக்கிறதாம். பிள்ளையை விட்டுவிட்டுப் போய் மறுபடி கூட்டிப்போக வரும் பெற்றோருக்கு அந்த நேரம் எவ்வளவு தேவை என்று யோசியுங்கள். ஆட்ட விதியையும் ஓரத்தில் நான்கு வரியில் எழுதிவிடுங்கள்: ஆட்டை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், 15ம் இறங்கும் வரை ஆடு நகராது, ஒட்டி நிற்கும் ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி வெட்டும், மூன்று புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலி ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் வேறு. அதை எழுதாமல் விடுங்கள், பாட்டியிடம் கேட்கட்டும்.

உள்ளூரில் நேரில் கொடுப்பதே சரி. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு அழைத்தாயிற்று என்று இருந்தால் பெரியவர்கள் மனம் சுணங்குவார்கள், சுணங்கத்தான் வேண்டும். வெளியூருக்குத் தபாலில் அனுப்பினால் பொட்டலம் வைக்காதீர்கள். 20 கிராம் தாண்டினால் தபால்தலை கூடுவது ஒரு பக்கம், உறைக்குள் புடைத்திருக்கும் கொட்டை முத்திரை குத்தும்போது உறையைக் கிழித்துவிடும்.

இனி விருந்து நாள். 16 பிள்ளைகள் என்றால் நான்கு மூலை, மூலைக்கு நான்கு பேர், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். 80 நிமிடம் ஆட்டத்துக்கே போய்விடும், மீதி நேரம் சாப்பாட்டுக்கும் கேக்குக்கும். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெரியவர் வேண்டும், விதி சொல்ல ஆள் இல்லாத மூலை ஐந்தே நிமிடத்தில் கலைந்துவிடும்.

பல்லாங்குழிக்கு 14 குழிகள், குழிக்கு 5 போட்டால் 70 கொட்டை. மரப்பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டை போதும். 30 முட்டை அட்டையில் 5 வரிசை, வரிசைக்கு 6 குழி. நமக்கு வேண்டியதோ 7. அதனால் இரண்டு வரிசை சேர்ந்த துண்டுகள் இரண்டை வெட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் ஒற்றை வரிசையிலிருந்து இரண்டிரண்டு குழியாக நறுக்கி ஒவ்வொன்றின் முனையிலும் குறுக்காக ஒட்டிவிடுங்கள். ஓர் அட்டையில் இரண்டு பலகை கிடைத்து இரண்டு குழி மிஞ்சும். முட்டை வைத்திருந்த காகித அட்டையை எடுக்காதீர்கள். அதைக் கழுவ முடியாது, கிருமி அப்படியே இருக்கும். கடையில் கேட்டுப் புதிதாக வாங்குங்கள்.

தாயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கட்டைகளில் 0, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டு கட்டையும் சேர்ந்து 1 விழுந்தால்தான் காய் இறங்கும். விழக்கூடிய 16 வகையில் 2தான் அந்த 1, அதாவது தாயம். தாயம் விழாமலே 20 நிமிடமும் போன பிள்ளை அழுதுவிடும். அன்றைக்கு மட்டும் 5 விழுந்தாலும் இறங்கலாம் என்று விதியைத் தளர்த்துங்கள், வாய்ப்பு இரட்டிப்பாகும். ஆளுக்கு ஆறு காய்க்குப் பதிலாக இரண்டே காய் கொடுங்கள். பாண்டிக்குக் கட்டம் போட சாக்பீஸோ செங்கல் துண்டோ எடுங்கள். டைல்ஸ் தரையில் கோலமாவு தூவினால் நொண்டும் கால் வழுக்கும். சித்திரை, வைகாசியில் மாடித் தரை மாலையிலும் சுடும், 5.30க்கு முன்னால் வெறுங்காலோடு யாரையும் ஏற்றாதீர்கள். அந்த மாதங்களில் பாண்டியைக் கடைசிச் சுற்றாக வையுங்கள்.

சாப்பாடு கை பிசுபிசுக்காததாக இருக்கட்டும். பஜ்ஜி எண்ணெய் பட்டால் அட்டைப் பலகை ஒரே சுற்றில் பாழ். கொண்டைக்கடலைச் சுண்டல் நல்லது. 1 கிலோ கடலையை முந்தின இரவே ஊற வைத்தால் வெந்தபின் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், 25 பேருக்குச் சிறு கிண்ண அளவில் வரும். பானகம் 4 லிட்டர் போதும். லிட்டருக்கு 200 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சை, அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, இரண்டு மூன்று ஏலக்காய். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். தேன்மிட்டாயும் கமர்கட்டும் கிளம்பும்போது கையில் கொடுக்க வேண்டியவை, நடுவில் எடுத்தால் எல்லாக் காயும் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

பலகையை எடுத்து வரச் சொல்லி எழுதியிருந்தாலும் பாதிப் பேர் மறந்துவிட்டுத்தான் வருவார்கள். கூடுதலாக அடித்ததில் மிஞ்சிய அட்டைகளையும் ஒரு கிண்ணம் கொட்டையையும் வாசலிலேயே வைத்துவிடுங்கள். முதலில் வரும் இரண்டு பிள்ளைகள் மற்றவர்கள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அங்கேயே உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.