அந்த பாட்டில்ல இருந்தது போர் தண்ணிங்க

எங்க ராக் பாட்டுக் குழுவோட டிரம்மர் தம்பிக்குப் பார்த்திருந்த சம்பந்தம் நேத்து ராத்திரி முறிஞ்சு போச்சு. பொண்ணு வீடு பொள்ளாச்சிக்குத் தெக்கால. ஜாதகம் பொருந்தி, ரெண்டு பக்கமும் கை நனைச்சு, தேதி குறிக்கற வரைக்கும் வந்த சம்பந்தம். பொண்ணோட பெரியப்பா போன்ல சொன்னது ரெண்டே வார்த்தை: "வீடியோ பார்த்தோமுங்க. நமக்கு ஒத்து வராதுங்க."

இந்தத் தம்பி யாருன்னு சொல்றேன். விடிகாலை நாலரைக்கு பால் சொசைட்டி கதவைத் திறக்கறவன். லாக்டோமீட்டரைக் கையில வச்சுக்கிட்டு ஊர்ப் பாலையெல்லாம் பார்த்து எழுதறவன். டீ கூடக் குடிக்கமாட்டான். புரட்டாசி முழுக்க விரதம். அவனை எங்க பாட்டு வீடியோவுல ஆறு செகண்ட் பார்த்துட்டு ஒரு குடும்பமே முடிவு பண்ணிடுச்சு. அந்த ஆறு செகண்ட்ல அவன் ஒரு பாட்டிலை அண்ணாந்து வாயில கவுத்துவான். அந்த பாட்டில்ல இருந்தது எங்க ஊர் போர் தண்ணி. குடத்துல இருந்து ஊத்தி ரொப்பினது நானு. இதை ஊருக்குச் சொல்லாம எனக்குச் சோறு இறங்காது.

நாங்க அஞ்சு பேர். கேரளாவுல பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுல தமிழ், பஸ் போர்டுல மலையாளம். பகல்ல நான் மோட்டார் காயில் கட்டறவன். சுத்துப்பட்டுல போர் மோட்டார் எரிஞ்சா என் கடைக்குத்தான் வரும். கிடார் பிக்கப்பும் நானேதான் கட்டறேன். அதுவும் காயில்தான். காந்தத்தைச் சுத்தித் தலைமுடியை விட மெல்லிசான காப்பர் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுத்து சுத்தணும். மூச்சை வேகமா விட்டாலே அறுந்துடும். மேல வாசிக்கற கிடார் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசையும், அதுல பொறக்கற துளி மின்சாரம் கேபிள் வழியா ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். அதுதான் நீங்க கேட்கற சத்தம். கேபிள் இல்லைன்னா எலக்ட்ரிக் கிடார் வெறும் பலகை. இதை எதுக்குச் சொல்றேன்னா, கதையே அந்தக் கேபிள்லதான் ஆரம்பிக்குது.

போன வருசம் சொந்தமா ஒரு பாட்டு பண்ணினோம். பாதி தமிழ், பாதி மலையாளம். வறண்டு போன போர்க்குழியைப் பத்தின பாட்டு, எங்க அப்பன் காலத்துல இருந்து எங்க தொண்டையில நிக்கற விசயம். ஊர்த் திருவிழா நோம்பியில, கானமேளாங்கற மேடைக் கச்சேரி முடிஞ்சு எங்களுக்கு ஒதுக்கற அரை மணி நேரத்துல அதை வாசிச்சப்ப கெழவிங்க எந்திரிச்சு நின்னு கேட்டாங்க. சரி, ஒரு வீடியோ எடுத்து ஏத்திடலாம்னு அஞ்சு பேரும் சேர்ந்து 90,000 ரூபா போட்டோம். டிரம்மர் தம்பி பங்குக்கு ஒரு கன்னுக்குட்டியை வித்தான்.

கோயம்புத்தூர்ல இருந்து வந்த டைரக்டர் பையன் முதல்ல கேட்ட கேள்வி: "அண்ணா, லெதர் ஜாக்கெட் இருக்கா?"

ஏப்ரல் மாசம். கொழிஞ்சாம்பாறை வெயில். கடலைக்காட்டு நடுவுல டிராக்டர் மேல ஏறி நிக்கணுமாம், கீழ இருந்து புகை வருமாம். "எங்க கடையில எடுங்க தம்பி, பாட்டே மோட்டாரைப் பத்தினதுதானே"ன்னு கேட்டேன். "அது டாக்குமெண்டரி ஆயிடும்ணா, ராக்ஸ்டார் லுக் வராது"ன்னான். நான் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிட்டு வந்து கேபிளைச் சொருகினேன். "கேபிள் ஃப்ரேம்ல அசிங்கமா இருக்கு, கழட்டிடுங்க"ன்னான்.

அசிங்கமாம்! என் சத்தம் போற வழி அவனுக்கு அசிங்கம்.

உடனே வயர்லெஸ் இருக்கேன்னு வராதீங்க. வயர்லெஸ்ஸுக்கும் இடுப்புலயோ கிடார்லயோ ஒரு டப்பா மாட்டணும். நம்ம சினிமாப் பாட்டுல மலை உச்சியில நின்னு கிடார் வாசிக்கறவனைப் பாருங்க, டப்பாவும் இருக்காது, இடது கை ஒரே இடத்துல பசை போட்டு ஒட்டின மாதிரி நிக்கும், தலைமுடி மட்டும் பறக்கும். முப்பது வருசமா இதைக் காட்டிக் காட்டி, ராக்குன்னா முடி, புகை, போதைன்னு சனங்க மண்டையில ஏத்தி வச்சுட்டாங்க. காது என்ன கேட்குதுங்கறதைக் கண்ணு தீர்மானிக்குது.

சாயங்காலம் அந்தப் பாட்டில் வந்தது. "சும்மா ஒரு ஷாட்டுண்ணா, ஆட்டிட்யூட் வேணும்"ன்னான். தம்பி மாட்டேன்னான். நான்தான் அவன்கிட்டப் போய், "தண்ணிதானே கண்ணு, குடிச்சுக் காட்டிடு, லைட்டு போகுது"ன்னு சொன்னேன். அந்த வார்த்தை நேத்து ராத்திரியில இருந்து என் நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு.

அத்தோட நிக்கல. வீடியோ முடிச்சு அனுப்பினான். என் முகத்தையே எனக்கு அடையாளம் தெரியல. அஞ்சு பேரையும் ரெண்டு சுத்து வெளுத்து வச்சிருக்கான். வெயில்ல மோட்டார் இறக்கிக் கறுத்த தோலு சாமி இது, இதை எதுக்கு வெளுக்கறே? கேட்டா, "கலர் கிரேடிங்"னு ஒரு பேரு.

ராக் யார் போட்ட அஸ்திவாரம்னு இவங்களுக்குத் தெரியுமா? சிஸ்டர் ரோசெட்டா தார்ப்புன்னு ஒரு கறுப்பினப் பெண்மணி, 1930-கள், 40-கள்லயே எலக்ட்ரிக் கிடாரைத் தூக்கிச் சாமி பாட்டு பாடினவங்க. அப்புறம் சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட். எல்லாரும் கறுப்பர்கள். ஆனா 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவுல எம்டிவிங்கற பாட்டுச் சேனல் வந்த பிறகு ராக்ஸ்டார்னா வெள்ளை முகம்தான்னு ஆக்கிட்டாங்க. 1983-ல இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவி அந்தச் சேனல் பேட்டியிலேயே உக்காந்துக்கிட்டு, ஏன் இங்க கறுப்பினக் கலைஞர்களைக் காணோம், காட்டற கொஞ்சப் பேரையும் நடுச்சாமத்துக்கு அப்புறம் காட்டறீங்களேன்னு நேருக்கு நேர் கேட்டார். அவருக்கு இருந்த தெம்பு, கூலி கொடுத்த எனக்கு அன்னிக்கு இல்லாமப் போச்சு.

அந்தச் சேனல் முதல் நாள் முதல்ல போட்ட பாட்டே பகிள்ஸ் குழுவோட பாட்டு. வீடியோ வந்து ரேடியோ பாடகனைக் கொன்னுடுச்சுன்னு பாடும். அன்னிக்கே சொல்லிட்டுத்தான் செஞ்சிருக்காங்க.

இப்ப எங்களைப் பேட்டி எடுத்த டிவிக்காரங்க விசயத்துக்கு வர்றேன். சேனல் பேர் வேண்டாம். வீடியோ கொஞ்சம் ஓடினதும் பேட்டின்னு வந்தாங்க. நாப்பது நிமிசம் பேசினேன். ஒரு வேலைக்காரனுக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க. எனக்குச் சந்தோசம் தாங்கல. பிளாக் சாபத்ங்கற ராக் குழுவோட கிடார்க்காரர் டோனி அயோமி கதையைச் சொன்னேன். பர்மிங்ஹாம்ல தகரத் தொழிற்சாலைப் பையன். வேலையை விட்டு நிக்கற கடைசி நாள்ல, பதினேழு வயசுல, வலது கை நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் மெஷின்ல போயிடுச்சு. இடது கைக்காரர்ங்கறதால கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அதுதான். கிடார் அத்தோட முடிஞ்சுதுன்னு இருந்தவர்கிட்ட, தொழிற்சாலை மேனேஜர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசிச்ச ரெக்கார்டைக் கொண்டு வந்து போட்டார். தீக்காயத்துல ரெண்டு விரல் முடங்கின பிறகும் வாசிச்ச மகான் ஜாங்கோ. அதைக் கேட்டுட்டு அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார். மேல தோல் ஒட்டினார். மெல்லிசுக் கம்பி தேடி மாட்டினார். பின்னாடி கம்பியைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினார். பிளாக் சாபத்தோட அந்தக் கனத்த சத்தத்துல ஒரு காயம்பட்ட தொழிலாளியோட கைவேலை இருக்கு. இதைச் சொல்லும்போது என் கையைக் காட்டினேன், வார்னிஷ் கறையோட.

ஒளிபரப்பானது ரெண்டு நிமிசம். அதுல அயோமி இல்ல. பிக்கப் இல்ல. கடை இல்ல. டிராக்டர், புகை, பாட்டில் மூணும் மூணு தடவை வந்தது. கீழ ஓடின எழுத்து: "எல்லையில் ஒரு ராக் வெறி!" வெறி எங்கிருந்துடா வந்தது? நாப்பது நிமிசம் உன்கிட்ட நிதானமாப் பேசினேனே!

வெட்டற கை எவ்வளவு பெரிய பாவத்தைச் செய்யும்னு பேர்ல் ஜாம்ங்கற அமெரிக்க ராக் குழுவைக் கேட்டா தெரியும். 1992-ல அவங்களோட 'ஜெரமி' வீடியோ வந்தது. வகுப்புல எல்லார் முன்னாடியும் தன்னையே சுட்டுக்கிட்ட ஒரு பையனைப் பத்தின பாட்டு. துப்பாக்கியைக் காட்டக்கூடாதுன்னு அந்த ஷாட்டை வெட்டினதும், அந்தப் பையன் மத்த பிள்ளைங்களைச் சுட்டுட்டான்னு நிறையப் பேர் புரிஞ்சுக்கிட்டாங்க. செத்தவன் கொலைகாரன் ஆயிட்டான்! 1993-ல அதே வீடியோவுக்கு எம்டிவியில நாலு விருது கொடுத்தாங்க. அதுக்கப்புறம் 1998 வரைக்கும் அந்தக் குழு வீடியோவே எடுக்கல. புகழ் உச்சியில இருந்தப்ப வேண்டாம்னு நின்னாங்க. அந்த முடிவுக்கு நான் தலை வணங்கறேன்.

ஆசி ஆஸ்போர்னுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 2025 ஜூலை 22-ஆம் தேதி இறந்தாரே பிளாக் சாபத் பாடகர், அவரேதான். 1982-ல மேடையில விழுந்த வௌவாலை ரப்பர் பொம்மைன்னு நினைச்சுக் கடிச்சுட்டார்னு அவரே சொன்னது. அந்த ஒரு கடி நாப்பது வருசத்துக்கு மேல அவரை விடவேயில்ல. 2002-ல அதே எம்டிவி அவர் வீட்டுக்குள்ள கேமராவை வச்சு, தடுமாறி நடக்கற அப்பாவா காட்டி இன்னொரு முகமூடி மாட்டுச்சு. இறக்கறதுக்குப் பதினேழு நாளைக்கு முன்னாடி பர்மிங்ஹாம் வில்லா பார்க்ல, பார்க்கின்சன் நோயால நிக்க முடியாம, சிம்மாசனத்துல உக்காந்தபடி பாடினார். பக்கத்துல அயோமி, அதே விரல் தொப்பியோட. அதைப் பார்த்து அழுதவன் நான். அவர் செத்த சேதி வந்தப்ப எங்க ஊர் டீக்கடையில போன்ல படிச்சு ஒருத்தர் சொன்னது: "வௌவாலைக் கடிச்சவன் செத்துட்டானாம்." அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கு எட்டவிட்டது அவ்வளவுதான்.

எங்களுக்கும் இப்ப ஒரு வௌவால் வந்தாச்சு, அந்த பாட்டில்.

போன மாசம் பாலக்காட்டுல வாசிச்சுட்டு வர்றோம். எல்லையில ஒரு செக்போஸ்ட். ஜீப்புல கிடார் பெட்டியைப் பார்த்ததுமே இறங்கச் சொன்னாங்க. "சாதனம் வல்லதும் உண்டோ?" ஏதாவது 'சாதனம்' இருக்கான்னு கேட்கறாங்க. இங்க 'சாதனம்'னா போதைச் சரக்குன்னு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இல்லைங்க சார்னேன். ஒரு சின்ன வயசுக்காரர் என் முகத்துல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ஈ வீடியோயில் உள்ளவரல்லே?"ன்னு, இந்த வீடியோவுல இருக்கறவங்கதானேன்னு கேட்டுச் சிரிச்சார். அவ்வளவுதான், பெட்டி, டிரம்ஸ், ஸ்டெப்னி எல்லாம் கீழ. டிரம்மோட தோலைக் கழட்டிப் பார்த்தாங்க. ஒண்ணரை மணி நேரம். தம்பி கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னான், நாலரைக்கு சொசைட்டி திறக்கணும்னு. அன்னிக்குப் பால்காரங்க இருட்டுல காத்துக் கிடந்தாங்க.

சோதனை பண்றது அவங்க வேலை, அதைத் தப்புன்னு நான் சொல்லல. ஆனா அதே வாரம் அதே வழியில செண்டைக்காரங்க வேன் போச்சு, கைகாட்டி அனுப்பினாங்க. செண்டைக்குள்ளயும் இடம் இருக்குல்ல? செண்டைன்னா பக்தி, டிரம்ஸ்னா போதைன்னு யார் எழுதிக் கொடுத்தது?

இந்த மண்ணுல வேற மாதிரியும் நடந்திருக்கு, அதனாலதான் கோபம் அதிகமாகுது. கொச்சியில 1970-கள்லயே 13ஏடின்னு ஒரு ராக் குழு வாசிச்சிருக்காங்க. மதர்ஜேன் குழு கிடார்ல கர்நாடக கமகத்தைக் கொண்டு வந்தாங்க. அவியல் குழு மலையாளத்துலயே ராக் பாடி, 2008-ல ஆல்பம் போட்டாங்க. 2013-ல மலையாளக் கப்பா டிவியில மியூசிக் மோஜோங்கற பாட்டு நிகழ்ச்சி வந்தப்ப, ஸ்டுடியோவுல உக்காந்து வாசிக்கறவனோட கையைக் காட்டினாங்க. அதுல வாசிச்ச தைக்குடம் பிரிட்ஜ் குழுவைக் கேரளமே வீட்டுக்குள்ள கூட்டிக்கிச்சு. கையைக் காட்டினா சனங்க கையைப் பார்ப்பாங்க. பாட்டிலைக் காட்டினா பாட்டிலைப் பார்ப்பாங்க.

பொண்ணு வீட்டுப் பெரியப்பாவுக்கும் ஒண்ணு சொல்லணும். ஐயா, உங்க மேல எனக்கு வருத்தம் உண்டுங்க, கோபம் இல்லீங்க. பொண்ணைப் பெத்தவங்களுக்குப் பயம் இருக்கும். ஆனா ஒரு நாள் விடியக்காலம் வந்து எங்க பால் சொசைட்டி வாசல்ல நில்லுங்க. அவன்கிட்டப் பால் ஊத்தற கிழவிங்ககிட்ட விசாரிங்க. ஆறு செகண்டுக்குப் பதிலா ஆறு நிமிசம் கொடுங்க.

டைரக்டர் பையன்கிட்ட மூணு தடவை கேட்டாச்சு, அந்த ஷாட்டை எடுத்துட்டுத் திரும்ப ஏத்துப்பான்னு. முதல் தடவை, "வியூஸ் எல்லாம் போயிடும்ணா"ன்னான். ரெண்டாவது தடவை போனை எடுக்கல. நேத்து சம்பந்தம் முறிஞ்சதைச் சொல்லி அழாத குறையாக் கேட்டேன். அவன் சொன்ன பதில்: "அண்ணா, அதுதானே நம்ம தம்ப்நெயில்."

எங்க வீடியோவை ஏத்தின சேனலோட பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்கு. எடுத்த மொத்தமும் இருக்கற ஹார்டு டிஸ்க் எங்க காசுல வாங்கினது, பில் என் பேர்ல. அதுல நான் கேபிளைச் சொருகி, புகை வர்றதுக்கு முன்னாடி சும்மா சரி பார்க்கறதுக்குன்னு வாசிச்ச ஒரு முழுப் பாட்டு இருக்கு. தம்பி சட்டைக் கையை மடிச்சு விட்டு, கண்ணை மூடி வாசிச்சிருப்பான். அதைத்தான் நாங்க ஏத்தப் போறோம். நாளைக்குப் பால் வண்டி கிளம்பினதும் நானும் தம்பியும் வேலந்தாவளம் வழியா கோயம்புத்தூர் போறோம். டிஸ்க் கையில வராம அவன் ஆபீஸ் படியை விட்டு இறங்கறதா இல்ல.